தாலசீமியா மைனர்னு ரிப்போர்ட், 14 வாரம், தூக்கமே வரல. நான் ஓவரா பண்றேனா?

9 பிப்ரவரி 2025, இரவு 1.40 (வாசகி கேள்வி)

மொத தடவை எழுதறேன், தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க. எனக்கு 14 வாரம். ஹெச்பி 9.2 இருக்குன்னு ஏதோ ஹெச்பிஎல்சி டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க, அதுல ஏ2 5.4ன்னு வந்துச்சு. டாக்டர் "தாலசீமியா மைனர், ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்காரருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வா"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாங்க. அவர் லாரி ஓட்டறார், நாசிக் லோடு போயிருக்கார், வர இன்னும் 12 நாள் ஆகும். நான் ஒழுங்கா தூங்கி 6 நாள் ஆச்சு. முன்னாடி எல்லாம் வயித்துல கை வச்சுட்டுத்தான் படுப்பேன், இப்ப கை வைக்கவே பயமா இருக்கு. ஒண்ணும் இல்லைங்கறதுக்குப் போய் நான்தான் ஓவரா பண்றேனா?

9 பிப்ரவரி, காலை 6.15

தங்கச்சின்னே கூப்பிடறேன், வயசு கேக்கல. ஓவரா எல்லாம் பண்ணல. ஆனா 12 நாள் உக்காந்துட்டு இருக்காத. உன் வீட்டுக்காரர் நம்ம ஊருக்கு வந்துதான் ரத்தம் குடுக்கணும்னு எந்த சட்டமும் இல்ல, நாசிக்ல லேப் இல்லாமயா இருக்கும். லோடு இறக்கற எடத்துலயே ஏதாவது ஒரு பெரிய லேப்ல போய் "ஹெச்பிஎல்சி"ன்னு எழுதிக் காட்டச் சொல்லு, ரிப்போர்ட் போனுக்கே வந்துரும். ரத்தத்துல எந்த வகை ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டற டெஸ்ட் அது, ஏ2 அதுல ஒரு வகை. சிபிசியும், அதான் ரத்த அணுக்கள எண்ணிப் பாக்கற டெஸ்ட், சேத்து எடுக்கச் சொல்லு. தாலசீமியா பரம்பரையா வர்ற ரத்தக் கோளாறு, அம்மா அப்பால ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்திருந்தா மைனர், ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்துட்டா மேஜர், அதுக்குத்தான் வாழ்நாள் பூரா ரத்தம் ஏத்தணும். எனக்கும் மைனர், என் வீட்டுக்காரருக்கும் மைனர், அதனால இந்த ரோட்டுல எங்க குழி இருக்குன்னு ஓரளவு தெரியும்.

இன்னொண்ணு, உனக்கு மனசு பிரச்சனை எல்லாம் ஒண்ணும் இல்ல. விஷயம் முழுசா தெரியாதது மட்டுந்தான் பிரச்சனை. ரிப்போர்ட் வந்தா தூக்கம் தானா வரும்.

9 பிப்ரவரி, இரவு 9.50

காலைல அவசரத்துல எழுதினது, இப்ப கொஞ்சம் நிதானமா. 

எனக்குத் தெரிஞ்ச கதை 2019. மொத கர்ப்பம். சப்சென்டர்ல ஹெச்பி பாத்தா 9.1. செவப்பு மாத்திரை குடுத்தாங்க, அதான் அந்த அயர்ன் ஃபோலிக் ஆசிட், தினம் ஒண்ணு. ஒரு மாசம் முழுங்கினேன், மலச்சிக்கல்ல உசுர் போச்சு, மறுபடி பாத்தா 8.9. நர்சம்மா என்னைய ஒரு பார்வ பாத்தாங்க பாருங்க. "மாத்திரைய சாப்பிடறியா இல்ல குப்பைல போடறியா?" சத்தியமா சாப்பிடறேன்க்கான்னேன். அவங்க நம்பல. அப்புறம் வீட்ல. அம்மா பேரீச்சம்பழம், அத்தை முருங்கக்கீரை, பக்கத்து வீட்டு அக்கா பீட்ரூட் ஜூஸ், ஆளாளுக்கு என்னைய ஒரு காலி டேங்க் மாதிரி நெனச்சு ஊத்தினாங்க. ஹெச்பி அசையல. அப்புறம் டிரிப்ஸ்ல அயர்ன் சுக்ரோஸ் ஏத்தினாங்க, அப்பவும் 9ஐத் தாண்டல. அந்த ரெண்டு மாசத்துல நானே என்னைய சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேன், ஒருவேளை நெஜமாவே ஏதாவது ஒரு நாள் மாத்திரைய மறந்திருப்பேனோ, டீ குடிச்சதால சத்து போயிருக்குமோ, அன்னைக்கு அந்த சாப்பாட்ட மிச்சம் வச்சதாலயோன்னு. மாத்திரை அட்டைய எண்ணி எண்ணி காலண்டர்ல கோடு போடுவேன். யாராவது கேட்டா காட்டறதுக்கு ஆதாரமாம்!

கடைசில யாரோ ஒரு சின்னப் பொண்ணு டாக்டர், ஹவுஸ் சர்ஜனா இருக்கும், ரிப்போர்ட்டப் பாத்துட்டு ஹெச்பிய விட்டுட்டு பக்கத்து வரியப் படிச்சாங்க. எம்சிவி, அதாவது செவப்பணுவோட சைஸ், 62, செவப்பணு எண்ணிக்கை 5.6. பேனாவாலயே வகுத்து "11 வருது, 13க்குக் கீழ இருக்கு, இது அயர்ன் குறை மாதிரி தெரியல"ன்னாங்க. அயர்ன் குறைன்னா செவப்பணு எண்ணிக்கையும் கொறஞ்சிருக்கும், மைனர்ல எண்ணிக்கை நெறய இருக்கும், ஆனா ஒவ்வொண்ணும் பொடிசு. அப்புறம்தான் ஹெச்பிஎல்சி, அதுல ஏ2 5.8. 3.5க்கு மேல போனாலே மைனரா இருக்கலாம்னு பாப்பாங்க.

அன்னைக்கு எனக்கு வந்தது பயம் இல்ல தங்கச்சி, சந்தோஷம். நான் மாத்திரைய குப்பைல போடலன்னு ரிப்போர்ட்டே சொல்லுதே. அந்த நர்சம்மாகிட்ட போய்க் காட்டணும்னு இருந்துச்சு. பஸ்ல வீட்டுக்கு வர்றப்பதான், "வீட்டுக்காரருக்கும் எடுக்கணும்"னு சொன்னாங்களே அது எதுக்குன்னு தோணுச்சு.

ஆக இந்த நோயில மாத்திரை தேவையே இல்ல, இரும்பு வேண்டாம்னு சொல்லிரு.

10 பிப்ரவரி, மதியம் 1.20

மேல கடைசி வரி தப்பு, அடிச்சுக்கங்க. நர்சா வேல பாக்கற ஒருத்தங்க தனியா எழுதி திட்டினாங்க, நியாயமான திட்டு. மைனர் இருக்கறவங்களுக்கும் அயர்ன் குறை சேந்து வரலாம், மாசமா இருக்கறப்ப ரொம்பவே வரலாம். ஒடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு பாக்க ஃபெரிட்டின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அது கம்மியா இருந்தா இரும்பு கண்டிப்பா வேணும், நல்லா இருந்தா சும்மா சும்மா ஏத்த வேண்டாம். ஃபோலிக் ஆசிட் எப்படியும் வேணும். டாக்டர கேக்காம எதையும் நிறுத்தாத. எனக்கு ஃபெரிட்டின் நல்லா இருந்துச்சு, அத ஊருக்கே சட்டமாக்கிட்டேன்.

12 பிப்ரவரி, இரவு 10.30

யாரோ கேட்டிருந்தாங்க, வீட்ல எப்படி சொன்னீங்கன்னு. சொல்றேன், கொஞ்சம் சிரிச்சுக்கலாம்.

எங்க பக்கம், தருமபுரி ஜில்லா, சொந்தத்துல கட்டறது சகஜம். என் வீட்டுக்காரர் என் சொந்தத் தாய்மாமா பையன். சின்ன வயசுல இருந்து "ரத்த சொந்தம் விட்டுப் போகக் கூடாது"ன்னு சொல்லிச் சொல்லியே கட்டி வச்சாங்க. எங்க கேஸ்ல ரத்தம் நெஜமாவே விடல. 

அவர் ரிப்போர்ட்டும் மைனர்னு வந்த அன்னைக்கு அத்தைகிட்ட சொல்றோம், "அத்தை, ரெண்டு பேருக்கும் தாலசீமியா மைனராம்". அத்தை நிமிந்து பாத்து, "மைனரா? எந்த மைனர்கிட்ட இருந்து வந்துச்சு?"ன்னாங்க. கழுத்துல செயின் போட்டுட்டு புல்லட்ல சுத்தற மைனர நெனச்சுட்டாங்க. நானும் அவரும் சிரிச்சுட்டோம். அந்த வாரத்துல சிரிச்சது அது ஒண்ணுதான்.

புரிய வச்ச அப்புறம் அத்தை கேட்டது வேற. "எங்க அப்பன் வீட்ல இப்படி ஒருத்தருக்கும் கெடையாது, இது உங்க அம்மா பொறந்த வீட்டு ரத்தம்." கணக்கு சரிதான், அத்தை வெளிய இருந்து வந்தவங்க. அம்மாவும் மாமாவும் கூடப் பொறந்தவங்க, எங்க தாத்தாகிட்ட இருந்தோ ஆயாகிட்ட இருந்தோ அவங்க ரெண்டு பேருக்கும் வந்து, அம்மா எனக்குக் குடுத்தாங்க, மாமா அவருக்குக் குடுத்தார். ஆனா அத்தை அத சொன்னப்ப மாமா திண்ணைல உக்காந்திருந்தார். கையில இருந்த டீய அப்படியே கீழ வச்சார். அப்புறம் குடிக்கவே இல்ல. "உன் ரத்தம்"னு என்னைய சொன்னது அவரையும் போய் அடிச்சுருச்சு, அத்தைக்கே அது அப்புறந்தான் உறைச்சுச்சு.

அதுக்கு அடுத்த வாரம் அம்மா போன்ல அழுதாங்க, "என் பாவத்த உனக்குக் குடுத்துட்டேனே"ன்னு. நான் 17 வாரத்து வயித்த வச்சுக்கிட்டு அம்மாவ சமாதானப்படுத்தறேன். மாசமா இருக்கற பொண்ண எல்லாரும் பாத்துக்குவாங்கன்னு சொல்றதெல்லாம் சும்மா, பாதி நேரம் அவதான் எல்லாரையும் பாத்துக்கறா.

13 பிப்ரவரி, காலை 7.00

"நாலுல ஒண்ணுதானே, மொத மூணு கொழந்தைக்குப் பிரச்சனை வராதுல்ல" அப்படின்னு ஒருத்தர் எழுதியிருக்கார். இல்லைங்க. ரெண்டு பேரும் மைனரா இருந்தா ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தனித்தனியா 25 சதவீதம் மேஜர், 50 மைனர், 25 ஒண்ணுமே இல்லாதது. தாயம் ஆடறப்ப போன ஆட்டத்துல தாயம் விழுந்துச்சா இல்லையான்னு கட்டைக்கு ஞாபகம் இருக்குமா? அதே மாதிரிதான்.

ஒருத்தருக்கு மட்டும் மைனர்னா கொழந்தைக்கு மேஜர் வராது, அதிகபட்சம் இன்னொரு மைனர். ஆனா அந்த இன்னொருத்தர் ரத்தத்துல வேற எந்த வகைக் கோளாறும் இல்லன்னு ஹெச்பிஎல்சில பாத்துக்கணும், ஏன்னா சிக்கிள் செல், ஹெச்பி ஈ மாதிரி இன்னொண்ணு சேந்தாலும் சிக்கல் ஆகும். தங்கச்சி, அதான் உன் வீட்டுக்காரர் ரிப்போர்ட் முக்கியம். ரத்தம் குடுத்தாரா இல்லையா? பதிலக் காணோம்.

16 பிப்ரவரி, மதியம் 3.10

ஞாயித்துக்கெழம. துணி காயப்போட்டுட்டு வந்து எழுதறேன்.

குடுத்துட்டாராம், நாசிக்ல, லேப்காரன்கிட்ட இந்தி தெரியாம கிளீனர் பையன வச்சு பேசி. ரிசல்ட்டுக்கு 4 நாள்னு சொல்லியிருக்காங்க. அந்த 4 நாள எப்படி ஓட்டறதுன்னு கேக்கற.

எனக்கு 9 நாள். கொழந்தைக்கு மேஜர் இருக்கான்னு பாக்கற அம்னியோ, 18 வாரம் 3 நாள்ல. வேலூர் போனோம், மொரப்பூர்ல காலைல ரயில் ஏறி காட்பாடில எறங்கி. வயித்துல ஊசி போட்டு பனிக்குடத் தண்ணி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கட்டு பேப்பர், அதுல ஒண்ணு, கொழந்த ஆணா பொண்ணான்னு தெரிஞ்சுக்க மாட்டேன்னு கையெழுத்து. எனக்கு சிரிப்பா வந்துச்சு, அன்னைக்கு எனக்கு இருந்த கேள்விக்கு நடுவுல அது கேள்வியே இல்ல. இதனால கரு கலையற வாய்ப்பும் கொஞ்சூண்டு இருக்குன்னு சொன்னாங்க, நூத்துல ஒண்ணு கூட இல்லன்னு. நாலுல ஒண்ண தலைல வச்சுட்டு இருக்கறவளுக்கு நூத்துல ஒண்ணுன்னா சின்னதா தெரியும்னு நெனப்பீங்க. தெரியாது. அதுவும் சேந்துக்கும்.

கவுன்சலிங் ரூம்ல ஒரு விஷயம் சொன்னாங்க, எங்க ரெண்டு பேருக்கும் ஜீன்ல ஒரே மாற்றம், அதுக்குப் பேரு ஐவிஎஸ் 1-5. இந்தியால இதான் ரொம்ப சகஜமாம். 11ஆவது குரோமோசோம்ல ஜி இருக்க வேண்டிய எடத்துல சி. அம்புட்டுதான். ஒரே ஒரு எழுத்துப் பிழை, பரம்பரையா காப்பி அடிச்சு வந்திருக்கு. நான் கணக்கு எழுதறவ, ஒரு சைபர் மாறினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா.

அப்ப கருக்கலைப்புச் சட்டத்துல 20 வாரந்தான் எல்ல. 2021ல தான் சில காரணங்களுக்கு 24 வாரம்னு ஆச்சு. அதனால நான் காலண்டர்ல மாத்திரைக் கோட்டுக்குப் பதிலா வாரக் கோடு போட்டேன். 18.4, 18.5, 18.6. கொழந்த அசையறது அப்பதான் தெரிய ஆரம்பிச்சுச்சு, மொத தடவ, மீன் துள்ளற மாதிரி. யார்கிட்டயும் சொல்லல. அவர்கிட்ட கூட. சொன்னா அது நெஜமாயிரும். சொல்லாத வரைக்கும் அது வாய்வுன்னு வச்சுக்கலாம்.

நீ வயித்துல கை வைக்கறத நிறுத்திட்டேன்னு எழுதின பாரு, அந்த வரியப் படிச்சுட்டுதான் அன்னைக்கு காலைல ஆறே காலுக்கு பல்லு கூட வெளக்காம பதில் போட்டேன். ஊர்ல எல்லாரும் வளையல் எப்ப போடறீங்கன்னு கேப்பாங்க, நாம "பாக்கலாம் பாக்கலாம்"னு தள்ளுவோம், கொழந்தைக்கு ஒரு துணி கூட வாங்க மாட்டோம், பேரு யோசிக்க மாட்டோம். பாதி கர்ப்பம்.

19 வாரம் 5 நாள்ல போன் வந்துச்சு. கொழந்தைக்கு மைனர். எங்கள மாதிரியே. பொண்ணு, இப்ப 5 வயசு, போன வாரம் சைக்கிள்ல இருந்து விழுந்து மொழங்கால் பேத்துட்டு வந்து நிக்குது.

17 பிப்ரவரி, காலை 8.45

ஜாதகத்துல பத்துக்கு ஒன்பது பொருத்தம் எங்களுக்கு. ரஜ்ஜு சூப்பர்னு ஜோசியர் கைகொட்டிச் சொன்னார். ஏ2 பொருத்தமும் 5.8க்கு 5.6, அதுவும் சூப்பர்.

சைப்ரஸ்ல கல்யாணத்துக்கு முன்னாடியே தாலசீமியா டெஸ்ட் எடுத்த சர்டிபிகேட்ட சர்ச்சுல காட்டணும்னு வச்சாங்க, அங்க இப்ப மேஜர் கொழந்தைங்க பொறக்கறதே ரொம்ப அபூர்வம்னு படிச்சேன். நம்ம ஊர்லயும் வைக்கணும்னு சில பேர் எழுதறீங்க. எனக்கு அரை மனசுதான். அங்க அந்தப் பேப்பரக் காட்டிட்டு பெரும்பாலும் அதே ஜோடி கட்டிக்கிட்டாங்களாம், ரிஸ்க் தெரிஞ்சு கட்டிக்கறது. இங்க அந்தப் பேப்பர் வந்தா பையனுக்கு மைனர்ங்கறத அமுக்கிட்டு பொண்ணுக்கு மைனர்ங்கறத ஊரெல்லாம் சொல்லுவாங்க. காலேஜ்லயே எடுத்துக்கிட்டு அவங்கவங்க கையில வச்சுக்கறது உத்தமம். இது என் கருத்து, சண்டைக்கு வராதீங்க.

21 பிப்ரவரி, இரவு 8.05

வந்துருச்சு!! ஏ2 2.6, எம்சிவி 88, வேற எதுவும் இல்ல. அவருக்கு ஒண்ணுமில்ல. தங்கச்சி, உன் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு கால நீட்டிப் படு. உன் கொழந்தைக்கு மேஜர் வராது. அந்த கிளீனர் பையனுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் குடுக்கச் சொல்லு.

22 பிப்ரவரி, இரவு 2.50

தூக்கம் வரல. மேல ரெண்டு ஆச்சரியக்குறி போட்டு எழுதினேன்ல, அது நெஜம். ஆனா போன வச்சுட்டு சமையல்கட்டுல போய் நின்னப்ப எனக்கு வந்தது பொறாமை. முகம் தெரியாத ஒரு பொண்ணு மேல. ஏன்னா நான் இங்க முழுசா சொல்லல.

2022ல எனக்கு ரெண்டாவது நின்னுச்சு. இந்தத் தடவ எல்லாம் தெரியும்ல, தெளிவா இருந்தோம், 12ஆவது வாரத்துலயே சிவிஎஸ் எடுத்தோம், அதாவது தண்ணிக்குப் பதிலா நஞ்சுக்கொடில இருந்து துளி எடுத்துப் பாக்கறது, சீக்கிரமா பாக்கலாம். மார்ச் மாசம். அதே ரயில், அதே காட்பாடி. ரிசல்ட் மேஜர்.

ரெண்டு பக்கத்துல இருந்தும் அதே எழுத்துப் பிழை வந்திருச்சு.

முடிவு எடுக்க எங்களுக்கு ரெண்டு நாள் ஆச்சு, எடுத்தோம். வார்டுல மத்தவங்க எல்லாம் தானா கலைஞ்சு வந்தவங்க, பக்கத்துக் கட்டில் அம்மா "உனக்கும் தங்கலையா கண்ணு"ன்னு கேட்டாங்க, நான் ஆமான்னு தலையாட்டினேன். வீட்லயும் அப்படியேதான் சொல்லி வச்சிருக்கோம், அத்தைக்கு இன்னைய வரைக்கும் தெரியாது. தானா போச்சுன்னு சொன்னா எல்லாரும் கூட உக்காந்து அழுவாங்க. நாங்களா முடிவு பண்ணோம்னு சொன்னா யார் அழுவாங்க? எனக்கே அழ உரிமை இருக்கான்னு தெரியல அப்ப. 15 நாள்ல ஆபீஸ் போயிட்டேன். செப்டம்பர்ல டியூ டேட் இருந்துச்சு, அந்தத் தேதில எல்லா வருசமும் ஏதாவது ஒரு காரணத்துக்கு அவர்கிட்ட எரிஞ்சு விழுவேன், அவரும் வாயத் திறக்காம வண்டிய எடுத்துட்டுப் போயிருவார். ரெண்டு பேரும் தேதிய சொல்ல மாட்டோம்.

இத்தனையும் முழுசா விஷயம் தெரிஞ்சு நடந்தது. 9ஆம் தேதி காலைல பெரிய மனுசி மாதிரி எழுதினேனே, விஷயம் தெரியாததுதான் பிரச்சனைன்னு.

காலைல இத அழிச்சாலும் அழிச்சுருவேன்.

25 பிப்ரவரி, இரவு 9.15

அழிக்கல. நெறைய பேர் தனியா எழுதினீங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் போடறேன்.

ஆனா ஒருத்தங்க எழுதினதப் பத்தி இங்கயே சொல்லணும், அவங்ககிட்ட கேட்டுட்டுதான் சொல்றேன். அவங்களே தாலசீமியா மேஜர். 29 வயசு. மூணு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் ஏத்திக்கிறாங்க, அதனால ஒடம்புல சேர்ற இரும்ப எடுக்க, மாசமாகறதுக்கு முன்னாடி வரைக்கும் தினமும் மாத்திரை, டிகிரி முடிச்சு வேல பாக்கறாங்க, இப்ப 5 மாசம். அவங்க எழுதினது: "அக்கா, இங்க எல்லாரும் மேஜர் வந்துருமோ மேஜர் வந்துருமோன்னு பேசறப்ப, நான் அந்த 'வந்துரும்'ல உக்காந்து படிச்சிட்டு இருக்கேன்."

ரெண்டு நாள் எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. மன்னிப்பு கேட்டேன். அவங்க "நீங்க எடுத்த முடிவ நான் ஒண்ணும் சொல்லல, எங்க அம்மாவே அத எடுத்திருப்பாங்க, அவங்களுக்கு அப்ப டெஸ்ட் தெரியாது, அவ்வளவுதான்"னாங்க. இது ஆறுதலா இல்ல அடியான்னு எனக்கு இன்னும் புரியல.

அவங்க கர்ப்பம் நம்ம கர்ப்பம் மாதிரி இல்ல. இரும்பு எடுக்கற மாத்திரைய முன்கூட்டியே நிறுத்தணும், இதயத்துல இரும்பு எவ்வளவு சேந்திருக்குன்னு ஸ்கேன் பாத்த அப்புறம்தான் டாக்டர்கள் சரின்னே சொல்லுவாங்க, மாசமா இருக்கறப்ப ரத்தம் இன்னும் அடிக்கடி ஏத்தணும். வீட்டுக்காரருக்கு மைனர் இல்ல, அதனால கொழந்த நிச்சயமா மைனர்தான், மேஜர் வராது. அவங்க பயம் கொழந்தையப் பத்தியே இல்லையாம், கொழந்தைய வளத்து எடுக்கற வரைக்கும் தான் இருப்போமாங்கறதுதானாம். அதக் கேட்டா சொந்தக்காரங்க "அப்புறம் எதுக்கு இந்த ஆசை"ங்கறாங்களாம். ஆசைப்பட்டாலும் குத்தம், பயந்தாலும் குத்தம்.

2 மார்ச், மதியம் 12.40

நீலகிரி கூடலூர்ல இருந்து ஒருத்தங்க எழுதியிருக்காங்க, அவங்க தங்கச்சிக்கு சிக்கிள் செல். தாலசீமியா மாதிரியே பரம்பரை, ஆனா இதுல பெரிய எதிரி வலி. செவப்பணு அருவா மாதிரி வளைஞ்சு சின்ன ரத்தக்குழாய்ல அடைச்சுக்கும், குளிர், தண்ணி கம்மியா குடிக்கறது, காய்ச்சல், எது வேணா கெளப்பி விட்டுரும். மாசமா இருக்கறப்ப, அதுவும் கடைசி மாசங்கள்ல இன்னும் அதிகமாகும், பிபி ஏறும், கொழந்த எடை குறையும். வழக்கமா சாப்பிடற ஹைட்ராக்ஸியூரியாவ கர்ப்பத்துக்கு முன்னாடியே நிறுத்தச் சொல்லிடறாங்க, ஆக எந்த நேரத்துல பாதுகாப்பு அதிகம் வேணுமோ அந்த நேரத்துல இருக்கற மாத்திரையும் போயிருது.

அந்தப் பொண்ணு ஒரு எடத்துல வலிக்கு ஊசி கேட்டதுக்கு "ஊசிக்குப் பழகிட்டா"ன்னு காதுபடவே பேசியிருக்காங்க. அதுக்கப்புறம் வலி வந்தா பல்லக் கடிச்சுட்டு வீட்லயே இருந்திருக்கு, ரெண்டு நாள். என் செவப்பு மாத்திரைக் கதையும் இதுவும் ஒரே கதைதான். ரத்தத்துல இருக்கற கோளாற நம்பறதுக்கு முன்னாடி நாம பொய் சொல்றோம்னு நம்பிடறாங்க.

இந்தியால சிக்கிள் செல்ல மொதல்ல கண்டுபிடிச்சு எழுதினதே 1952ல நீலகிரி மலைவாழ் மக்கள்கிட்ட ரத்தம் எடுத்துப் பாத்துதான். 2023ல மத்திய அரசு பெரிய திட்டம் ஆரம்பிச்சு 40 வயசு வரைக்கும் ஊர் ஊரா டெஸ்ட் எடுக்கறாங்க, 2047க்குள்ள ஒழிக்கணும்னு. நல்ல விஷயம். கையில கார்டும் குடுக்கறாங்க. கார்ட வாங்கிட்டு வீட்டுக்குப் போற பொண்ணுக்கு அன்னைக்கு ராத்திரி என்ன தோணும்னு கேக்க ஒரு ஆளும் கூட வேணும். கூடலூர்ல ஆதிவாசி ஆஸ்பத்திரில அவங்க ஊர்ப் பிள்ளைங்களே ஹெல்த் ஒர்க்கரா இருக்கறதால அந்தப் பேச்சு கொஞ்சம் நடக்குதாம், அதான் அந்தத் தங்கச்சிக்கும் கடைசில உதவியா இருந்துச்சாம்.

9 மார்ச், இரவு 11.20

தங்கச்சி திரும்ப வந்துட்டா. 18 வாரம். வீட்டுக்காரர் ரிப்போர்ட் நல்லா இருக்கு, டாக்டரும் பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாங்க, ஆனா இன்னும் தூங்கல, இப்ப ரிப்போர்ட்டே மாறிப் போயிருக்குமோன்னு தோணுதாம், நாசிக் லேப்ல பேர மாத்தி எழுதியிருப்பானோன்னு. வீட்ல "அதான் ஒண்ணுமில்லன்னு வந்துருச்சுல்ல, அப்புறம் என்ன மூஞ்சத் தூக்கி வச்சுட்டு"ங்கறாங்களாம்.

ஆக நான் ஒண்ணாவது நோட்ல சொன்னது சுத்தமா தப்பு, உன் கேஸ்லயும் தப்பு.

எனக்கு நடந்தத சொல்றேன். 2022 கடைசில, பொண்ண தடுப்பூசிக்குக் கூட்டிட்டுப் போன எடத்துல ஒரு கவுன்சலர் என் மூஞ்சியப் பாத்துட்டு உக்கார வச்சு ஒரு பேப்பர் குடுத்தாங்க. எடின்பரோ ஸ்கேல்னு பேரு, தமிழ்லயே இருக்கு, 10 கேள்வி, போன 7 நாள் எப்படி இருந்துச்சுன்னு. மாசமா இருக்கறவங்களுக்கும் கொழந்த பெத்தவங்களுக்கும் கேக்கறது. நான் அது வரைக்கும் என்ன நெனச்சேன்னா, எனக்கு ஹெச்பி 9, அதனால அசதி, அதனால எதுலயும் பிடிப்பு இல்ல, ரத்தம் கம்மின்னா அப்படித்தான் இருக்கும்னு. மைனர் இருக்கறவளுக்கு இது ஒரு வசதி, எல்லாத்தையும் ரத்தத்து மேல போட்டுரலாம். அந்தப் பேப்பர்ல அசதியா இருக்கா, கை கால் வலிக்குதான்னு ஒரு கேள்வி கூட இல்ல. சிரிக்க முடியுதா, அவசியமில்லாம உன் மேலயே பழி போட்டுக்கறியா, காரணமில்லாம பயம் வருதா. தூக்கத்தக் கூட மனசு கஷ்டத்தால தூங்க முடியலையான்னுதான் கேக்குது. தப்பிக்க எடமே இல்ல. "பழி போட்டுக்கறியா"ங்கறதுல பேனா நின்னுருச்சு, ஆமா பெரும்பாலும்னு டிக் பண்ணேன். பத்தாவது கேள்வி உன்னையே ஏதாவது பண்ணிக்கத் தோணுச்சான்னு. எப்பவாவதுன்னு போட்டேன். அந்தம்மா அத மட்டும் தனியா, மெதுவா, மறுபடி கேட்டாங்க.

30க்கு 17. 13 வந்தாலே டாக்டர் பாக்கணும்பாங்க. பாத்தேன். அஞ்சாறு தடவ பேசப் போனேன், கொஞ்ச நாள் மாத்திரையும் எடுத்தேன். சரியாயிட்டேன்னு சொல்ல மாட்டேன், ஆனா அசதி வேற, அது வேறன்னு பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சுச்சு. இப்பவும் ஹெச்பி 9.4தான், அன்னைக்கு இருந்த மாதிரி இல்ல.

அதனால தங்கச்சி, அடுத்த செக்கப்ல "தூக்கம் வரல டாக்டர்"னு மட்டும் சொல்லாத, அயர்ன் குடுத்து அனுப்பிருவாங்க. "ரிப்போர்ட் நல்லா வந்தும் பயம் போகல, கொழந்தைய நெனைக்கவே பயமா இருக்கு"ன்னு இதே வார்த்தைல சொல்லு. வாய் வரலன்னா இங்க எழுதினதக் காட்டு. ரிப்போர்ட் சந்தேகம்னா அவர் ஊருக்கு வந்ததும் இன்னொரு தடவ எடுத்துரு, ஆனா ரெண்டாவதும் நல்லா வந்து மூணாவது எடுக்கத் தோணுச்சுன்னா அது லேப் பிரச்சனை இல்ல. ராத்திரில தாங்கலன்னா 14416, டெலி மானஸ், 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்ல பேசுவாங்க, காசு கெடையாது. நான் ஒரு தடவ போட்டு, எதிர்ல "வணக்கம்"னதும் பயந்து கட் பண்ணிட்டேன். ரெண்டாவது தடவ பேசினேன்.

10 மார்ச், காலை 7.30

17 இல்ல, 16. பழைய பைல்ல பாத்தேன். கணக்கு எழுதறவ, தப்பா இருந்தா உறுத்தும்.

30 மார்ச், இரவு 10.40

தங்கச்சி 21 வாரம். டாக்டர்கிட்ட சொல்லிட்டாளாம், சொன்ன வார்த்தைலயே, அங்கயே ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்பியிருக்காங்க, ரெண்டு தடவ போயாச்சு. ரெண்டாவது ஹெச்பிஎல்சியும் எடுத்தாச்சு, அதுவும் நல்லா இருக்கு, மூணாவது எடுக்கல. தூக்கம் நாலு மணி நேரம் வருதாம். கொழந்த அசையறத வீட்டுக்காரருக்கு போன்ல சொன்னாளாம், அவர் லாரிய ஓரம் கட்டி நிறுத்திட்டு கேட்டாராம்.

நானும் போன வாரம் அவர்கிட்ட செப்டம்பர் தேதியப் பத்திப் பேசினேன். மூணு வருசத்துல மொத தடவ. அவருக்கு அந்தத் தேதி ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சிருந்தேன், கெழமையோட சொன்னார். அத்தைகிட்ட இன்னும் சொல்லல, சொல்லுவமான்னும் தெரியல. அடுத்த கொழந்தையப் பத்தி அத்தை பொங்கலுக்கே ஆரம்பிச்சாச்சு.

நாளைக்கு இயர் எண்டிங், ஆபீஸ்ல ராத்திரி 11 ஆயிரும், பதில் லேட்டாகும். மறுநாள்ல இருந்து வழக்கம் போல. ரெண்டு மூணு மணிக்கு எழுதறவங்க எழுதுங்க, அந்த நேரத்துக்கு நானும் சில நாள் முழிச்சுட்டுதான் இருப்பேன்.